உள்ளியூரும் பலாவூரும்

பெங்களூர் அல்சூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில், "பையன் சிகாகோவில் இருக்கிறான், ஏப்ரல் கடைசியில் போய்வரலாம் என்று இருக்கிறோம்" என்ற பேச்சு இன்று யாரையும் வியக்க வைப்பதில்லை. விசாவுக்காகச் சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்துக்கு ஒரு நடை, டெல்லி வழியே போவதா வளைகுடா வழியே போவதா என்ற கணக்கு, கம்பளிச் சட்டை, இட்லிப்பொடி என்று வேலை வரிசையாக நிற்கும். இந்தப் புறப்பாடு முழுவதற்கும் பழந்தமிழில் அழகிய ஒரு சொல் உண்டு: செலவு. 'செல்' என்னும் வினையடியில் பிறந்து, 'வரவு' என்பதற்கு இணையாக நின்ற இச்சொல் முதலில் காலால் செல்வதையே குறித்தது. பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் வாட்டம் கண்டு தயங்கி நின்றுவிடுவதைச் 'செலவழுங்கல்' என்று அகப்பாடல்களுக்குத் துறைப்பெயராக இட்டார்கள். பின்னாளில் வடமொழிப் பிரயாணம் 'பயணம்' ஆகி முதற்பொருளைத் தனக்கு எடுத்துக்கொள்ள, செலவுக்குக் கையைவிட்டுக் காசு செல்லும் பொருள் மட்டும் எஞ்சியது. அமெரிக்காவுக்குப் புறப்படுவோர் இரு பொருளையும் ஒருசேர அறிவார்கள்.

சொல்லை நேசிக்கும் அன்பருக்கு இந்தச் செலவில் முதல் வேலை ஒன்று உண்டு. போகும் ஊரின் பெயர் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட வேண்டும். மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் நீண்டு கிடக்கும் அந்தப் பெருநகரின் பெயர் ஆங்கிலப் பெயரன்று. வடிவத்தில் பாதி பிரெஞ்சு. வேர் அம்மண்ணின் பழங்குடி மொழி. அங்கு வாழ்ந்த மயாமி-இல்லினாய் மக்கள், அல்கோங்கியக் குடும்பத்தைச் சேர்ந்த தங்கள் மொழியில் ஒரு செடியை 'ஷிகாக்வ' என்றார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில், மரங்கள் தளிர்க்கும் முன்பே, காட்டின் ஈர மண்ணிலிருந்து இரண்டு மூன்று அகன்ற இலைகளை மட்டும் விரித்து எழும் செடி அது. இலைக்காம்பு செந்நிறம் படர்ந்திருக்கும், அடியில் சிறிய வெண்குமிழ். இலையை விரலால் கசக்கினால் பூண்டும் வெங்காயமும் கலந்த காரமணம் ஏறும். கோடை வந்து மரநிழல் அடர்ந்ததும் இலைகள் மடிந்துவிட, அதன் பின்னரே தனித்தண்டில் வெள்ளைப் பூ வரும்.

1687, 1688 ஆண்டுகளில் அவ்வழியே சென்ற ஆன்ரி ஜூட்டெல் என்னும் பிரெஞ்சுக்காரர், அப்பகுதிக் காடுகளில் இந்தப் பூண்டு மிகுதியாக விளைவதால்தான் இடத்துக்கு இப்பெயர் என்று எழுதிவைத்தார். அவர் 'காடு' என்று குறித்தது பின்னாளில் பெரிதும் பயன்பட்டது. ஏனென்றால் அந்த வட்டாரத்தில் உள்ளியினத்துச் செடிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. தலைகவிழ்ந்து பூக்கும் ஒன்று திறந்த புல்வெளியில் வளர்வது. ஊருக்குப் பெயர் தந்தது அதுவே என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஜான் ஸ்வென்சன் என்னும் ஆய்வாளர் 1991இல் பழைய பிரெஞ்சுக் குறிப்புகளையும் செடியியலையும் சேர்த்து வைத்துப் பார்த்து, நிழற்காட்டில் வளரும் அகன்ற இலைச்செடியே அது என்று நிறுவினார். ஒரு பெயரின் பொருளை முடிவு செய்ய மண்ணையும் நிழலையும் சாட்சிக்கு அழைத்த அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

இச்செடியைத் தமிழில் என்னவென்று சொல்வது? சிலர் காட்டுப்பூண்டு என்பார்கள், சிலர் காட்டுவெங்காயம் என்பார்கள். பின்னது ஆகாது, நம் ஊரில் காட்டுவெங்காயம் என்றால் நரிவெங்காயம், உண்ணத் தகாத வேறொரு செடி. வெங்காயம் என்ற சொல்லே 'வெம்மை', 'காயம்' என்னும் இரண்டின் கூட்டு; இங்கே காயம் என்பது பெருங்காயத்தில் உள்ள அதே காயம், உறைப்புடைய பொருள். பூண்டு என்பதோ அடிப்படையில் சிறுசெடி எதற்கும் பொதுவான பெயர். வெள்ளை என்னும் அடையோடு வெள்ளைப்பூண்டாகி, அடையை உதிர்த்துவிட்டு வெறும் பூண்டாகவே நின்று பொருள் குறுகியது. இவ்விரண்டுக்கும் மூத்த பொதுச்சொல் ஒன்று நம்மிடம் உண்டு: உள்ளி.

அல்சூர்க் கடைத்தெருவில் தள்ளுவண்டிக்காரர் 'ஈருள்ளி' என்று கூவுவது வெங்காயத்தை. அடுத்த கூடையில் இருக்கும் பூண்டு அவர் வாயில் 'பெள்ளுள்ளி'. தமிழ்ச் செவிக்கு இரண்டும் உடனே திறந்துகொள்ளும். முன்னது ஈர உள்ளி (நீருள்ளி என்ற வடிவமும் கன்னடத்தில் உண்டு, ஈரமானாலும் நீரானாலும் சுவை ஒன்றே). பின்னது நம் மருத்துவ நூல்களின் வெள்ளுள்ளி. மலையாளத்தில் உள்ளி என்றால் வெங்காயம். யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டு! பாக் நீரிணையின் இருபுறமும் ஒரே சொல் இரு பொருளாகப் பிரிந்து நிற்கிறது. ஷிகாக்வ வெங்காயமா பூண்டா என்று ஆங்கிலத்தில் எழுந்த குழப்பத்துக்கு, இரண்டையும் அணைத்துக்கொள்ளும் நம் உள்ளி பொருத்தமான விடை. ஊரின் பெயரைத் தமிழாக்கினால் உள்ளியூர். நினைத்து என்னும் பொருளில் வரும் 'உள்ளி'யும் உண்டு; 'உள்ளு' என்னும் வினையின் எச்சம் அது. ஒலி ஒன்றாயினும் சொல் வேறு. இரண்டையும் முடிச்சுப் போட மனம் துள்ளும், போடலாகாது.

ஷிகாக்வ என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வாலைத் தூக்கி நாற்றம் பீச்சும் ஸ்கங்க் என்னும் சிறுவிலங்குக்கும் அம்மொழியில் அதே பெயர். உறவுமொழியான ஒஜிப்வேயில் விலங்கின் பெயர் 'ஜிகாக்'. உள்ளியைக் குறிக்கும் சொல் அதிலிருந்தே கிளைத்தது. விலங்கையும் செடியையும் இணைப்பது மணம்தான். இதைக் கேட்டு, நாற்றமடிக்கும் ஊர் என்று நகைப்போர் உண்டு. தமிழர் அப்படி நகைக்க வேண்டியதில்லை. 'நாறு' என்னும் வினை பழந்தமிழில் பூ மணப்பதற்கும் உரியது, நாற்றம் என்பது நறுமணத்தையும் குறித்த சொல். முகர்ந்தறியும் எதுவும் நாற்றமே. பின்னரே அச்சொல் தாழ்ந்து, மணம் என்பது மேலே ஏறியது. தங்கள் நிலத்தை மூக்கால் அறிந்து பெயரிட்ட மக்களின் சொல்லை அந்தப் பழைய நாற்றத்தின் பொருளில் எடுத்துக்கொள்வதே நேர்மை.

பிரெஞ்சு வணிகரும் பாதிரிமாரும் இச்சொல்லைத் தங்கள் நாவுக்கேற்ப 'ஷெக்காகு', 'ஷிக்காகு' என்று எழுதினார்கள். வல்லொலியாக இருந்த இரண்டாம் ககரம் அவர்கள் வாயில் மெலிந்தது. கடைசி 'க்வ' வாய் குவிந்து 'கு' ஆயிற்று. முதலெழுத்துக்குப் பிரெஞ்சு முறைப்படி அவர்கள் இட்ட எழுத்து, ஆங்கிலத்தில் பெரும்பாலும் சகரத்தின் வல்லொலியைத் தருவது. ஆயினும் ஆங்கிலேயர் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியைப் பிரெஞ்சாகவே விட்டார்கள். 1833இல் சிற்றூராகவும் 1837இல் நகராகவும் பதிவு பெற்றபோது பெயர் இன்றைய வடிவில் உறைந்துவிட்டது. மூன்று மொழிகளின் நா பட்டும் நடுவிலிருந்த 'கா' மட்டும் நெடிலாகவே தப்பி வந்திருக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். அல்சூர் என்று நாம் வாய்நிறையச் சொல்லும் பெயரும் ஏரிக்கரைப் பெயர், அதுவும் செடிகொடியின் வழி வந்தது. கன்னடத்தில் அது ஹலசூரு; ஹலசு என்றால் பலா. ஏரியை ஒட்டிப் பலாத்தோப்பு இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஹலசுக்குப் பழங்கன்னட வடிவம் பலசு. தமிழில் பகரமாக நின்றது பிற்காலக் கன்னடத்தில் ஹகரமானது விதிபோல் நிகழ்ந்த மாற்றம். பத்தாம் நூற்றாண்டை ஒட்டித் தலைகாட்டி, அடுத்த சில நூற்றாண்டுகளில் மொழி முழுவதும் பரவியது. நம் பால் அவர்களுக்கு ஹாலு, புலி ஹுலி, பூ ஹூ, பத்து ஹத்து, பொன் ஹொன்னு, பள்ளி ஹள்ளி. இந்த ஒரு திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பெங்களூர்ப் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துப் பாருங்கள், பாதி ஊர்கள் தமிழில் பேசத் தொடங்கும்.

அந்த ஹகரம் தமிழ் நாவில் ஒட்டவில்லை. 1807இல் ஆங்கிலேயப் படை ஹலசூரில் பாசறை அமைத்தபின், சென்னை மாகாணப் படைப்பிரிவுகளோடும் அவர்களுக்குச் சரக்குக் கொண்டுவந்த வணிகரோடும் தமிழர் திரளாக இங்கே குடியேறினார்கள். அவர்கள் வாயில் ஹலசூரு, தலையில் ஹகரத்தையும் கடையில் உகரத்தையும் இழந்து அலசூர் ஆகி, நடுவில் இருந்த அகரத்தையும் விழுங்கி அல்சூர் என்று மருவியது. ஆங்கிலேயர் எழுத்தில் ஏறியது ஹகரம் இல்லாத இவ்வடிவமே. 2011 அக்டோபரில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது நிலையப் பலகையில் ஹலசூரு திரும்பி வந்தது. பலகை அப்படியே இருக்கட்டும், அதுவே மூலத்துக்கு நெருக்கம். ஆனால் அல்சூர் என்பதைப் பிழையென்று யாரேனும் திருத்த வந்தால் நான் ஏற்கமாட்டேன். தஞ்சாவூர் தஞ்சையானதுபோல், தன் ஒலிமுறை வழுவாமல் மருவிய மரூஉ அது. அந்த ஏரியின் பக்கத்திலேதான் 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அங்கேதான். நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது.

ஏரி என்ற சொல்லையும் இங்கே தொட்டாக வேண்டும். நமக்கு ஏரி என்பது கரை கட்டி, மதகு வைத்து, கலிங்கு விட்டு ஆக்கிய நீர்நிலை. ஏர்த்தொழிலோடு அதன் பெயரைச் சேர்த்துப் பார்ப்போரும் உண்டு. கன்னடக் 'கெரே' நம் 'சிறை'யோடு உடன்பிறந்தது. தடுத்து நிறுத்தியது என்பது பொருள். தமிழில் முன்னெழுத்துச் சகரமானவை பல கன்னடத்தில் ககரமாகவே நிற்பதைச் செவி–கிவி, சேரி–கேரி என்னும் இணைகளில் காணலாம். மலையாளத்தில் சிற, தெலுங்கில் செருவு. நாமோ நீர்ப்பொருளைக் கற்சிறை போன்ற பழந்தொடர்களில் விட்டுவிட்டுச் சிறை என்பதைக் குற்றவாளிக்குக் கொடுத்துவிட்டோம். ஏறத்தாழ 125 ஏக்கர் அளவுள்ள அல்சூர் ஏரி இந்தப் பொருளில் முழுமையான கெரே, மனிதன் கட்டிய சிறை. மிச்சிகன் யாரும் கட்டியதன்று. 58,000 சதுர கிலோமீட்டர் அளவு பரந்து தமிழ்நாட்டில் பாதியை நெருங்கும் அந்த நீர்ப்பரப்பின் மறுகரை கண்ணுக்குத் தெரியாது. மிச்சிகன் என்பதே ஒஜிப்வே மொழியில் 'பெருநீர்' என்னும் பொருளது. மிச்சிகன் ஏரி என்று நாம் சொல்வது நீர்ப்பெயரை இருமுறை சொல்வதே. பிறமொழிப் பெயர் நம்மிடம் வரும்போது இது இயல்பு, குறையன்று.

ஐம்பெரும் ஏரிகளில் இன்னொன்றின் பெயர் ஈரி. தமிழர் சிலருக்கு இதைக் கேட்டவுடன் கண் மின்னும்; ஏரிக்கே ஏரி என்று பெயர், ஆகவே தமிழர் அங்கு போயிருந்தார்கள் என்று ஒரு கட்டுரை பிறந்துவிடும். ஈரி என்பது அக்கரையில் வாழ்ந்த ஒரு மக்களின் பெயர்ச்சுருக்கம், அவ்வளவே. அதுபோல் புளோரிடாவின் மயாமி நகருக்கும் நாம் மேலே கண்ட மயாமி மக்களுக்கும் ஒலியைத் தவிர உறவில்லை. பெங்களூருக்கும் இந்த வினை நேர்ந்ததுதான். வேட்டையில் வழிதவறிய போசள மன்னன் வீரவல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த பயறு கொடுத்ததால் 'பெந்தகாளூரு' என்னும் கதையைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் வல்லாளன் ஆண்டது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில். பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ 890ஆம் ஆண்டுக்குரிய கங்கர் கால நடுகல் பெங்களூர்ப் போரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பயறு வேகுமுன்பே ஊர் இருந்திருக்கிறது. வேங்கை மரத்தின் பெயரே வேர் என்பது இன்னொரு கருத்து. வில் பில்லு ஆவதும் வெள்ளி பெள்ளி ஆவதும் கன்னடத்தின் இயல்பாகையால் வகரம் மாறியதில் தடையில்லை. நெடில் குறுகியதற்குத்தான் வழி காட்ட வேண்டும். காட்டினால் நான் மகிழ்வேன், ஏனெனில் அப்போது பெங்களூரும் மரப்பெயர் ஊராகிவிடும்.

மண்ணை அதில் விளைவதன் பெயரால் அழைப்பது நமக்குப் புதிதன்று. மலையைக் குறிஞ்சி என்றோம், காட்டை முல்லை என்றோம், வயலை மருதம் என்றோம். ஒரு பூவை அல்லது மரத்தைச் சொன்னால் நிலம், பொழுது, உணர்வு மூன்றும் உடன் வரும் என்னும் திணைக் கோட்பாட்டை இத்தனை விரிவாகக் கட்டிய மொழி நம்முடையது. அந்தத் திணையை ஆங்கில உலகுக்கு எடுத்துச் சொன்னவர் உள்ளியூரில் இருந்துதான் சொன்னார் என்பது என் மனத்தை நிறைக்கும் செய்தி. மைசூரில் 1929இல் தமிழ் வீட்டில் பிறந்து, கன்னடத்தில் கவிதை எழுதிய ஏ.கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், 1962இல் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறை அடுக்குகளுக்குள் போனார். கையில் கிடைத்தது உ.வே.சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. ஐந்தே ஆண்டுகளில், 1967இல், அவர் மொழிபெயர்த்த குறுந்தொகைப் பாடல்கள் நூலாக வந்தன. அகத்திணையை 'உள் நிலக்காட்சி' என்று பொருள்படும் தொடரால் அவர் தலைப்பாக்கினார். 1993இல் மறையும்வரை அவருடைய ஊர் சிகாகோதான். பெங்களூரிலிருந்து போகிறவர் ஹைட் பார்க் பகுதியில் அந்த நூலகக் கட்டடத்தின் முன் சற்று நின்றுவரத் தனியே நேரம் ஒதுக்கலாம்.

விவேகானந்தர் 1893இல் பேசிய கட்டடமே இன்றைய கலைக்கூடம் என்பதும், அதன் முன்னுள்ள மிச்சிகன் பெருந்தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயர் சூட்டியிருப்பதும் பலரும் அறிந்தவை. அதற்கு முந்திய ஆண்டில் அவர் பெங்களூரில் திவான் சேஷாத்ரி ஐயரின் விருந்தினராகத் தங்கியவர். அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து கிழக்கே இரண்டாம் நிலையம் அவர் பெயர் தாங்கியது. பத்தாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 2019 சூலையில் கூடியதும் சிகாகோவில்தான்.

எப்போது போகலாம் என்று கேட்டால், ஏப்ரல் இறுதியும் மே முதற்பாதியும் என்பேன். ஏரிக்காற்று அப்போதும் சில்லென்றிருக்கும், கம்பளி வேண்டும். ஆனால் ஊருக்குப் பெயர் தந்த செடி இலைவிட்டு நிற்பது அந்தச் சில வாரங்களே. நகரைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளில் நடந்தால் காணலாம். பறிக்கத் தடை உண்டு. குனிந்து முகர்ந்தால் போதும், பெயர் புரிந்துவிடும். விமான நிலையத்தில் பெட்டியில் கட்டும் சீட்டையும் உற்றுப் பாருங்கள். சேரிடம் ஓஹேர் நிலையமாக இருக்க, சீட்டில் இருப்பவை ஓ, ஆர், டி என்னும் மூன்று எழுத்துகள். 1949இல் போர்விமானி எட்வர்ட் ஓஹேரின் பெயரைச் சூட்டுமுன் அவ்விடத்தின் பெயர் 'ஆர்ச்சர்டு', அதாவது பழத்தோட்டம். பெயர் மாறியும் குறியீடு மாறவில்லை. பலாத்தோப்பூரில் ஏறி, பழத்தோட்டத்தில் இறங்கி, உள்ளியூருக்குள் நுழைகிறோம்.

எஞ்சியிருப்பது எழுத்து. செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'சிகாகோ' என்கின்றன; நானும் மேலே வழக்கத்துக்கு அடங்கி அப்படியே எழுதினேன். ஆனால் இரு உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் ககரம் தமிழில் மெலிந்தே ஒலிக்கும். அகம், முகம் என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். சிகாகோ என்று எழுதினால் இரு ககரமும் ஒன்றுபோல் மெலியும். அம்மண்ணின் வாயில் முதற்ககரம் வல்லொலி, அன்றும் இன்றும். மெலிந்தது இரண்டாவது மட்டுமே. அந்த வேறுபாட்டைப் புதிய குறி எதுவும் இல்லாமல், கிரந்தம் எதுவும் கேளாமல், ஒரே ஒரு ஒற்றால் காட்ட நம் எழுத்துக்கு வலு உண்டு: சிக்காகோ. இரட்டித்தது வலிக்க, தனித்தது மெலிய, மொழிமுதற் சிகரம் தன் போக்கில் பிரெஞ்சு ஒலியை அண்மித்து நிற்கிறது. 'அந்தச் சிக்காகோ' என்று ஒற்று மிகும்போது மட்டும் சகரம் வல்லொலி பெறும். ஆங்கில எழுத்தைப் பார்த்தபடியே படிப்பவர் செய்யும் ஒலிப்பு அது, நம்மிடம் புணர்ச்சி விதியாலேயே வந்துவிடுகிறது. மகனுக்கு எழுதும் கடிதத்திலும் பெட்டிமேல் ஒட்டும் தாளிலும் நான் ஒற்றோடுதான் எழுதுவேன். நீங்களும் எழுதிப் பாருங்கள்.